ஓட்டை ஒழிப்புப் பிரிவு

அளவை முத்திரைத் துறையின் தலைமை அலுவலகத்தில் ஒருவர் யாரென்று அறிய அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, உட்காருமிடத்தைப் பார்த்தால் போதும். கடைநிலைக்கு ஸ்டூல். அதற்கு மேலே, முதுகு சாய்க்கலாம் ஆனால் கை வைக்க முடியாது என்ற தகுதியில் ஒரு நாற்காலி. அதற்கும் மேலே கை வைத்தது. பிறகு கை வைத்துத் துண்டு போட்டது. உச்சியில், கை வைத்து, துண்டு போட்டு, சுழலக்கூடியது. அதில் சுழலும் உரிமை இயக்குநர் ஒருவருக்கே உண்டு. அவர் ஆண்டு முழுக்கச் சுற்றுப்பயணத்திலேயே இருந்ததால் நாற்காலி அசையாமல் நின்றது, அவர் மட்டும் சுழன்றுகொண்டிருந்தார்.

ஊரில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது இத்துறையின் பணி. கடைகளில் இருக்கும் மின்னணுத் தராசுகள் யாவும் கீழ்த்தளத்துக் குளிர் அறையிலிருந்த மையக் கணினியைக் கேட்டுத்தான் எடை சொல்லும். அந்தக் கணினியைப் பேணுவதற்கு ஒருவர் இருந்தார். 'மெயின்டனன்ஸ்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். தற்காலிக ஊழியர் எதில் உட்கார வேண்டும் என்று பணி விதிகளில் எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பு நிற்கத் தொடங்கியவர்.

"மாப்ளே, உங்க வாழ்க்கையில கல்யாணம் ஒண்ணுதான் நிரந்தரமாயிருக்கு. அதையாவது பத்திரமா பாத்துக்கோங்க" என்று மாமியார் அவ்வப்போது நினைவூட்டுவார். அவர் சொல்லும் தொனியில், அதுவும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது போலத்தான் இருக்கும்.

இந்த ஆண்டு அதிசயமாக மெயின்டனன்ஸின் பணி நிரந்தரக் கோப்பு தானாகவே எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மையக் கணினியில் ஆண்டு முடியும்வரை எந்த அசம்பாவிதமும் நடக்கக் கூடாது.

அப்படியிருக்கையில்தான் ஒரு நாள் காலை, கணினிக்குள் ஓடும் இயங்குதளத்தைச் செய்த நிறுவனத்திடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. இயங்குதளத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. சாதாரண கணக்கு வைத்து உள்ளே நுழைகிற எவரும் நாலைந்து வரி தட்டினால் 'அட்மின்' ஆகிவிடலாம். அட்மின் என்றால் கணினியின் சர்வாதிகாரி. எதையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். வெளியிலிருந்து திருடன் வர வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியே பீரோவுக்குச் சாவி செய்துகொள்ளும் வசதி. நிறுவனம் ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஒன்றையும் இலவசமாகவே அனுப்பியிருந்தது. அதைப் போட்டு, கணினியை ஒரு முறை அணைத்து எழுப்பினால் முடிந்தது.

ஆனால் பேட்ச் போட அட்மின் கடவுச்சொல் வேண்டும். அது இயக்குநர் அறைப் பெட்டகத்தில், அரக்கு முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. உறையைத் திறக்க உத்தரவு வேண்டும். மெயின்டனன்ஸ், பணியமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் போனார். பணி விதிகளைத் தூக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய அவரை எல்லோரும் 'விதி சார்' என்பார்கள். விதி விளையாடும் என்று சொல்வதுண்டு. இந்த விதி விளையாடவே விளையாடாது.

"சார், கம்ப்யூட்டர்ல ஒரு ஓட்டை இருக்கு. சாதாரண யூசர் யாரு வேணாலும் அட்மின் ஆயிடலாம். உடனே அடைக்கணும். டீ ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"அட்மின் யாரு?"

"பேப்பர்ல பாத்தா... இயக்குநர்தான் சார்."

"அப்ப, இயக்குநருடைய அதிகாரத்தைப் பத்தி ஒரு தற்காலிகம் கருத்து சொல்லுது."

"கருத்து இல்ல சார். கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

"அவங்க எந்த கிரேடு?"

தனக்கு மேலே இரண்டு படிக்கு அப்பால் இருப்பவரைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது என்ற விதியை விதி சார் வரி பிசகாமல் ஒப்பித்தார். பிறகு, அவரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதால், மெயின்டனன்ஸை அழைத்துக்கொண்டு துண்டு போட்ட நாற்காலிக்குப் போனார். அதில் துணை இயக்குநர் மேடம் இருந்தார்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அந்த ஆளு படிப்படியா ஏறறானா, ஒரேயடியா ஏறறானா?"

"ஒரேயடியா மேடம்."

"கை வச்ச நாற்காலி, துண்டு போட்ட நாற்காலி, எதுலயும் கொஞ்ச நேரம்கூட நிக்காம?"

"நேரா உச்சிக்குத்தான் மேடம்."

மேடம் தன் நாற்காலித் துண்டை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். "அநியாயம்! இந்தத் துண்டுக்காக நான் மூணு இயக்குநருக்குச் சிரிச்சிருக்கேன். அவங்க சொன்ன ஜோக் ஒண்ணுகூட நல்லா இல்ல."

"அதனாலதான் மேடம், அடைச்சிடலாம்னு..."

"ஏன் அடைக்கணும்? சீனியாரிட்டிப்படி ஏறற மாதிரி திருத்த முடியாதா?"

"ஓட்டைக்கு சீனியாரிட்டி தெரியாது மேடம்."

"அதுதாம்பா அதோட குறைபாடு!" என்றார் மேடம். பிரச்சினையின் ஆணிவேரைப் பிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஓட்டையை ஒழிக்க ஒரு பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவருக்கு ஒரு வண்டி வேண்டும். அன்று மாலைக்குள் 'ஓட்டை ஒழிப்புப் பிரிவு' பிறந்துவிட்டது, தலைவர் மேடம். வண்டி மறுநாள் காலை வாசலில் நின்றது. அந்த அலுவலகம் அத்தனை வேகமாக இயங்கி அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை.

பிரிவின் முதல் முடிவு, ஓட்டை இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. "நோய் இருக்கான்னு தெரியாம மருந்து குடுத்துட்டா, நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்றது?" என்றார் மேடம். கடைநிலை ஊழியர் ஒருவரை உட்காரவைத்து, குழுவின் முன்னிலையில் ஏற்றிக் காட்டுவதென்று தீர்மானமாயிற்று. தபால் பிரிவு ஸ்டூலில் உட்கார்ந்து உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த தபால் அண்ணனை அழைத்து வந்தார்கள்.

தபால் அண்ணன் ஒற்றை விரல்காரர். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்பு விரலை நாக்கில் தொட்டு, தபால்தலை ஒட்டுவது போல் சாவியின் மேல் அழுத்தினார். பக்கத்தில் நின்ற மெயின்டனன்ஸ் எழுத்தெழுத்தாகச் சொன்னார். கடைசி வரி முடிந்ததும், சுவரிலிருந்த பெரிய திரையில், தபால் அண்ணன் கணக்குக்கு நேரே 'அட்மின்' என்று விழுந்தது.

கை வைத்த நாற்காலிக்காரர்கள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். மேடமும் பாதி எழுந்துவிட்டார். பாதி எழுந்தவர் மரியாதை குறையாமல் திரும்ப உட்கார்வது எப்படி என்று பணி விதிகளில் இல்லாததால், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"பாத்தாச்சு இல்லையா மேடம்? இப்ப பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டா, அண்ணன் பழையபடி சாதாரண யூசர் ஆயிடுவாரு" என்றார் மெயின்டனன்ஸ்.

"எதுக்கு தம்பி?" என்று கேட்டார் தபால் அண்ணன்.

"எதுக்குன்னா?"

"நானா கேட்டேன்? நான் பாட்டுக்குப் பசை தடவிக்கிட்டிருந்தேன். கூப்பிட்டு உட்கார வச்சு, கமிட்டி முன்னாடி மேல ஏத்துனீங்க. இப்ப எறக்கறேங்கறீங்க. நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க?"

விதி சாரின் கண்கள் பனித்தன. ஒரு விதி நேரில் வந்து தரிசனம் தரும் வேளைகளில் அவருக்கு அப்படி ஆகும். "அவர் கேக்கறது நியாயம். குறிப்பாணை குடுக்காம, விசாரணை நடத்தாம, யாரையும் பதவி இறக்கம் பண்ணக் கூடாது."

"சார், அது பதவியே இல்ல. ஸ்கிரீன்ல வர்ற எழுத்து."

"நியமன உத்தரவும் பேப்பர்ல வர்ற எழுத்துதான் தம்பி. அதுக்குத்தானே நீங்க இத்தனை வருஷமா நிக்கறீங்க?"

விசாரணை முடியும்வரை கணினியை அணைக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. யாராவது கை தவறி அணைத்துவிட்டால்? அளவை முத்திரைத் துறையில் முத்திரைக்கா பஞ்சம்? ரீஸ்டார்ட் பொத்தானின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, துறையின் தராசுச் சின்னத்தை அழுத்திவிட்டார்கள்.

தபால் அண்ணனுக்குக் கை வைத்த நாற்காலி வந்தது. அடுத்த நாள் அதன்மேல் ஒரு துண்டும் வந்தது. பசை தடவ வேறு ஆள் கேட்டு அவரே உத்தரவு போட்டுக்கொண்டார்.

இதற்குப் பின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதுதானே இத்துறையின் அஸ்திவாரம். ஒருவர் விடாமல் மனு கொடுத்தார்கள். ஓட்டை வழியாக ஏறுவதற்குச் சீனியாரிட்டிப்படி வரிசை வைத்தார்கள். வரிசையில் முந்தியது யார் என்று இரண்டு கண்காணிப்பாளர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏறத் தெரியாதவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு மெயின்டனன்ஸ் தலையில் விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனவர் கரும்பலகையில் ஓட்டையைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

மேடம் மட்டும் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

"தம்பி, நான் தபால் அண்ணனுக்கு முந்தின நாளே ஏறினதா காட்ட முடியுமா?"

"கம்ப்யூட்டர் இன்னைக்குத் தேதியைத்தானே காட்டும் மேடம்."

"தேதியை மாத்தற அதிகாரமும் இப்ப எனக்கு இருக்குல்ல?"

இருந்தது. மேடம் மாற்றினார். திரும்ப மாற்ற மறந்துவிட்டார். அன்றிலிருந்து மொத்த அலுவலகமும் கடந்த வாரத்தில் வேலை பார்த்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"நீங்களும் ஏறிக்கோங்க தம்பி, பாவம், எத்தனை நாள்தான் நிப்பீங்க?" என்று இறங்கி வந்தவர்களெல்லாம், அதாவது ஏறி வந்தவர்களெல்லாம், பரிவோடு சொன்னார்கள். மெயின்டனன்ஸ் பதறிப்போய் மறுத்தார். அவர் ஏறினால் அதுதான் அசம்பாவிதம். கோப்பு படுத்துவிடும்.

அதிகாரம் கைக்கு வந்தால் அதைச் செலவழிக்காமல் இருப்பது யாருக்கும் ஆகாத காரியம். தபால் அண்ணனின் மச்சான் காய்கறிக் கடைக்காரர். அவர் கடைத் தராசு, சோதிக்காமலே சோதிக்கப்பட்டதாயிற்று. கணக்குப் பிரிவுக்காரரின் சித்தப்பா பழக்கடைக்காரர். கணக்குப் பிரிவுக்காரர் ஒரு படி மேலே போய், தராசை விட்டுவிட்டு, கணினிக்குள் அந்தக் கடைக்கு 'ஒரு கிலோ என்பது இவ்வளவு' என்று எழுதியிருந்த இடத்திலேயே கை வைத்தார். மற்றவர்களின் உறவினர்களும் கடைக்காரர்களாக இருந்தார்கள், அல்லது அவசரமாகக் கடை திறந்தார்கள். தெருவுக்கொரு கிலோ புழக்கத்துக்கு வந்தது.

வீட்டில் மாமியார் தக்காளிப் பையை மேசைமேல் வைத்துவிட்டு மருமகனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, உங்க ஆபீஸ்ல கிலோவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் அத்தை?"

"போன மாசம் ஒரு கிலோ வாங்கினா பை கையை இழுத்துச்சு. இப்ப பை என்னை முந்திக்கிட்டுத் துள்ளிக்கிட்டு வருது. இளைச்சு எலும்பும் தோலுமா போயிருச்சு."

கழுத்தில் அளவு நாடாவோடு தையல் மெஷினில் இருந்த மனைவி சிரித்தாள். "நல்லவேளை, என் இஞ்ச் டேப்புக்கு அட்மின் கிடையாது." உடனே சிரிப்பு நின்றது. "ஏங்க, இது வெளிய தெரிஞ்சா யாரை மாட்டி விடுவாங்க?"

"சுழல்ற நாற்காலியையா மாட்டுவாங்க? நிக்கறவனைத்தான்."

"அப்ப நிரந்தரம்?"

"வெளிய அனுப்பறதும் நிரந்தரம்தானே."

"ஜோக்கெல்லாம் வேணாம். போய் எப்படியாவது அடைங்க."

மறுநாள் மெயின்டனன்ஸ் குளிர் அறைக்குப் போய் அரக்கின் முன் நின்றார். நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்துவிடும். ஆனால் கணினிக்கு நேர் மேலே, 'துறை முத்திரையை உடைப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை' என்று கடைக்காரர்களுக்காக அச்சடித்த சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் கம்பிக்குப் பின்னால் நின்ற ஆளுக்கும் உட்கார இடம் போட்டிருக்கவில்லை. மெயின்டனன்ஸ் நகத்தை இழுத்துக்கொண்டு, மேலே போய், சுற்றுப்பயணத்தில் இருந்த இயக்குநருக்கு 'மிக மிக மிக அவசரம்' என்று செய்தி அனுப்பினார். இரண்டு 'மிக'வுக்கு இயக்குநர் அசைவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இயக்குநர் வந்தார். பெரிய கூடத்தில் அனைவரையும் கூட்டினார். சுழலும் நாற்காலியை நான்கு பேர் மேடைக்குத் தூக்கி வந்தார்கள். எல்லோருக்கும் துண்டு போட்ட நாற்காலி. மெயின்டனன்ஸ் சுவரோரம் நின்றார்.

"நண்பர்களே!" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "ஓட்டை ஓட்டைங்கறாங்களே, ஓட்டைன்னா என்ன? கீழ இருக்கறவன் குறுக்கு வழியில மேல வர்றது. சரி, நம்ம துறையில இப்ப கீழ யாரு இருக்கா? யாருமே இல்ல! ஏற ஆளே இல்லாதப்ப ஏணி எங்கிருந்து வரும்? உலகமெல்லாம் ஓட்டையைத் தேடித் தேடி அடைச்சுக்கிட்டிருக்கு. நாம எல்லாரையும் மேல ஏத்தியே ஓட்டையைத் தீத்துக் கட்டிட்டோம். நான் இங்க இருந்திருந்தா நிச்சயம் குறுக்க விழுந்து இதைக் கெடுத்திருப்பேன். இல்லாம இருந்தேன் பாருங்க, அதுதான் தலைமை!"

கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அது ஓய்ந்ததும் விதி சார் எழுந்தார்.

"மன்னிக்கணும் சார். ஒருத்தர் பாக்கி."

எல்லாத் தலைகளும் சுவரோரம் திரும்பின.

"மெயின்டனன்ஸ் இன்னும் சாதாரண யூசராத்தான் இருக்காரு சார்."

இயக்குநர் புருவத்தைச் சுருக்கினார். "அப்ப ஓட்டை இருக்கா, இல்லையா?"

"அவர் இருக்கற வரைக்கும் இருக்கு சார்."

"அப்படின்னா அவர்தானேய்யா ஓட்டை?"

"விதிப்படி பாத்தா அப்படித்தான் சார் வருது."

"எடுத்துடுங்க."

ஓட்டையைப் பற்றி முதலில் சொன்னதே தான்தான் என்று சொல்ல மெயின்டனன்ஸ் வாயெடுத்தார். காற்றுதான் வந்தது. மனைவியின் முகம் வந்தது. மாமியாரின் குரல் வந்தது. விதி சார் ஏற்கெனவே பேனா மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.

அப்போது மேடம் எழுந்து போய் இயக்குநரின் காதோரம் குனிந்தார். ஒலிவாங்கியை அணைக்க யாருக்கும் தோன்றாததால் கூடம் முழுவதற்கும் கேட்டது.

"சார், ஓட்டை போயிட்டா பிரிவு போயிடும்."

"போகட்டுமே."

"பிரிவு போனா வண்டி போயிடும் சார்."

"எந்த வண்டி?"

"இப்ப நீங்க வந்து இறங்கினீங்களே, அந்த வண்டி."

இயக்குநர் நாற்காலியில் ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவந்தார். திரும்பி வந்தபோது அவர் வேறு மனிதராக இருந்தார்.

"எதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. ஓட்டையை ஒழிக்க யாராலயும் முடியும். அதைக் கட்டிக் காப்பாத்தறதுதான் நிர்வாகம். அவரை எக்காரணம் கொண்டும் அட்மின் ஆக விடாதீங்க. வெளியவும் விடாதீங்க."

"தற்காலிகமாச்சே சார்," என்றார் விதி சார், "எப்ப வேணும்னாலும் விட்டுட்டுப் போயிடலாம்."

"அப்ப நிரந்தரமாக்குய்யா!"

அன்று மாலையே உத்தரவு வந்தது. பதவி: ஓட்டை ஒழிப்புப் பிரிவில் நிரந்தரச் சாதாரண யூசர். கடமை: ஓட்டையை நல்ல நிலையில் பராமரிப்பது. ஓட்டை எக்காரணத்தாலாவது அடைபட்டால் பணி தானாகவே முடிவுக்கு வரும்.

வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் எழுந்து நின்று, "வாங்க மாப்ளே, வாங்க, உக்காருங்க" என்றார். மெயின்டனன்ஸுக்கு யாராவது 'உட்காருங்கள்' என்று சொன்னால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. மனைவி உத்தரவை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, இதுல ஓட்டையை அடைச்சா வேலை போயிடும்னு எழுதியிருக்கே?"

"ஆமா."

"அப்ப கிலோ?"

மெயின்டனன்ஸ் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"கிலோ கிடக்குது விடுடி!" என்றார் மாமியார். "இனிமே ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கிட்டா போச்சு. மாப்ளேதான் நிரந்தரமாயிட்டாரே!"

நிறுவனக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சொன்னால் கேட்காதவர்களுக்காக, தானாகவே வந்து இறங்கித் தானாகவே அணைத்து எழுப்பிக்கொள்ளும் புதிய பேட்ச் ஒன்றை அனுப்பினார்கள். அதற்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். ஒரு முற்பகல், மெயின்டனன்ஸ் குளிர் அறையில் நின்றுகொண்டிருக்கும்போதே, திரையில் 'பேட்ச் இறங்குகிறது' என்று நீலக்கோடு ஒன்று வலப்பக்கமாக நீளத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார். கோடு பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. அவர் கை கணினிக்குப் பின்னால் போய், நிறுவனத்தோடு இணைக்கும் ஒயரை மட்டும் பிடுங்கியது. கோடு நின்றது.

ஒயரைக் கீழே போடுவதற்குள் தொலைபேசி அடித்தது. நிறுவனத்திலிருந்து ஒரு பெண்.

"சார், உங்க மெஷின்ல மட்டும் பேட்ச் பாதியில நின்னுடுச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"இங்க எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு."

"ப்ளீஸ் சார். என் லிஸ்ட்ல இருக்கற மெஷின் எல்லாத்துக்கும் போட்டு முடிச்சா என்னை நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் முடிஞ்சாச்சு. உங்களோடது ஒண்ணுதான் பாக்கி." குரல் தணிந்தது. "வீட்டுல தினம் கேக்கறாங்க சார்."

மெயின்டனன்ஸ் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். அதைத் திரும்பச் செருக ஒரு நொடி போதும். பிறகு தன் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டார். ஒயரைச் செருகுமிடம்வரை கொண்டுபோய், மறுபடி இழுத்துக்கொண்டார்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. உங்க லிஸ்ட்ல, செத்துப்போன மெஷினுக்கும் பேட்ச் போட்டே ஆகணுமா?"

"இல்ல சார். உபயோகத்துல இல்லாததை அடிச்சுடலாம்."

"அப்ப அடிச்சுடுங்கம்மா."

மறுமுனையில் மூச்சு நின்று வந்தது. "நிஜமாவா சார்? ஐயோ, ரொம்ப நன்றி சார்! உங்களை மறக்கவே மாட்டேன். எப்ப சார் செத்துச்சு?"

"இப்பதாம்மா. கையில ஒயரோட நிக்கறேன்."

அவருக்குப் பின்னால் மையக் கணினி, ஊரின் அத்தனை தராசுகளுக்கும் ஆளுக்கொரு கிலோ சொல்லியபடி, 'ஊ...' என்று இரைந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன சார் சத்தம்?"

"அழறாங்கம்மா," என்றார் மெயின்டனன்ஸ். "ஆபீஸ்ல எல்லாரும் அது மேல உசுரையே வச்சிருந்தாங்க."